உங்கள் தெருவை நீங்களே வரையலாம்: ஓபன்ஸ்ட்ரீட்மேப்புக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கூகுள் மேப்ஸ் போனை வாங்கும்போதே உள்ளே இருக்கிறது. நிலத்துக்கு அளவு வேண்டுமென்றால் அரசின் சர்வே படம் இருக்கிறது. அப்புறம் தன்னார்வலர்கள் சேர்ந்து வரைகிற ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்று மூன்றாவதாக ஒன்று எதற்கு? புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான், கேட்கவும் வேண்டும். அதற்குப் பதில் சொல்லிவிட்டு, உங்கள் தெருவை அந்தப் படத்தில் ஏற்றுவது எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் படிப்பு தேவையில்லை. பிரவுசரும் ஒரு போனும் இருந்தால் போதும்.

எந்த வேலைக்கு எந்தப் படம்?

முதல் வேலை, ஒப்பிட்டுப் பார்ப்பது. உங்கள் ஊரைக் கூகுள் மேப்ஸில் திறங்கள். பக்கத்து டேபில் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் அதே இடத்தைத் திறங்கள். கடைகளும் ஹோட்டல்களும் அனேகமாகக் கூகுளில்தான் அதிகம் இருக்கும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் சில ஊர்கள் கோயில் குளத்தின் படித்துறை வரை வரையப்பட்டிருக்கும். பக்கத்து ஊருக்குப் போனால் மெயின் ரோடு ஒன்றும் ஊர்ப் பெயரும் மட்டும் இருக்கும். முதல் ஊரில் யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார், இரண்டாவதில் ஆள் இல்லை. வேறு ரகசியம் ஒன்றும் இல்லை.

ஆகவே எது சிறந்தது என்று கேட்பதைவிட, கையில் இருக்கிற வேலை என்ன என்று கேட்பது பயன் தரும்.

இப்போது எந்த ரோட்டில் நெரிசல், அந்த ஹோட்டலைப் பற்றி நாலு பேர் என்ன சொல்கிறார்கள் என்பதற்கெல்லாம் கூகுள்தான். கோடிக்கணக்கான போன்கள் நகர்வதைப் பார்த்து அது நெரிசலைக் கணிக்கிறது. தன்னார்வலர்களால் அதற்கு ஈடு கொடுக்க முடியாது, முயலவும் வேண்டாம்.

வரப்புத் தகராறு, பட்டா மாற்றம், பாகப்பிரிவினை என்றால் கூகுளும் உதவாது, ஓபன்ஸ்ட்ரீட்மேப்பும் உதவாது. சர்வே எண்ணுக்கு உரிய எஃப்.எம்.பி. என்கிற அரசின் நில அளவைப் படம்தான் செல்லும். தமிழ்நாட்டில் பட்டா, சிட்டா, எஃப்.எம்.பி. ஆகியவற்றை அரசின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம். அளந்து காட்ட சர்வேயர் வர வேண்டும். வேலி போடுவதற்கு முன்னால் போனில் மேப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வாதாடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த நீலப் புள்ளி திறந்த வெளியிலேயே சுமார் 5 மீட்டர் தள்ளி நிற்கலாம் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.

இனி மூன்றாவது வகை வேலைகள். வார்டில் உள்ள குடிநீர்க் குழாய்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று பட்டியல் வேண்டும். பள்ளிக்கூடச் சுவரில் ஒட்ட ஊர்ப்படம் அச்சிட வேண்டும். சிக்னல் இல்லாத மலைப்பாதையில் வழி வேண்டும். இங்கேதான் ஓபன்ஸ்ட்ரீட்மேப். மற்றவர்கள் உங்களுக்குப் படத்தைக் காட்டுகிறார்கள். இது படத்துக்குப் பின்னால் உள்ள தரவையே கையில் கொடுக்கிறது. எடுக்கலாம், அச்சிடலாம், விற்கக்கூடச் செய்யலாம். பிழை இருந்தால் நீங்களே திருத்தலாம். கூகுளுக்கும் திருத்தம் அனுப்பலாம்தான். ஏற்பதா வேண்டாமா என்பதை நிறுவனம் முடிவு செய்யும், ஏற்ற பிறகு அந்தத் தகவல் அவர்களுடைய கிடங்கில் போய்ச் சேரும். பொதுமக்களை வைத்தே சாலைகளை வரைந்த மேப் மேக்கர் என்ற கருவியைக் கூகுள் 2008-ல் திறந்தது, 2017-ல் மூடியது. இந்தியாவில் அதில் உழைத்தவர்கள் நிறையப் பேர்.

இது எப்படி வந்தது

ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் ஆரம்பித்தார். அங்கே ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு அமைப்பின் வரைபடங்கள் உலகத் தரமானவை. ஆனால் தரவைப் பயன்படுத்தப் பணம் கட்ட வேண்டும், நிபந்தனைகளும் உண்டு. அந்த நிபந்தனைகள் வெறும் எழுத்தில் மட்டும் இருக்கவில்லை. ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்ற வாகன ஓட்டிகள் அமைப்பு தன் படங்களுக்கு அதிலிருந்து நகலெடுத்த வழக்கில் 2001-ல் 2 கோடி பவுண்டு கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. இந்தச் சூழலில்தான், ஜிபிஎஸ் கருவியோடு தெருத்தெருவாக நடந்து நாமே வரைந்துவிடலாம் என்ற யோசனை எடுபட்டது. 2010-ல் ஆர்ட்னன்ஸ் சர்வேயே தன் தரவில் ஒரு பகுதியை இலவசமாகத் திறந்துவிட்டது.

அமெரிக்காவில் நிலைமை நேர் எதிர். அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை டைகர் என்ற பெயரில் நாடு முழுக்க உள்ள சாலைத் தரவை இலவசமாகவே தருகிறது. 2007, 2008-ல் அதை அப்படியே ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் கொட்டினார்கள். ஒரே வீச்சில் நாடு நிரம்பியது. கூடவே இல்லாத சாலைகளும், பல மீட்டர் விலகி நின்ற சாலைகளும் வந்து சேர்ந்தன. அதைச் சுத்தம் செய்கிற வேலை இன்னும் முடிந்தபாடில்லை. "அரசுத் தரவை மொத்தமாக ஏற்றிவிடலாமே" என்று உற்சாகமாக வருகிறவர்களிடம் பழைய ஆட்கள் தயங்குவது இதனால்தான். மொத்தமாக ஏற்றுவதெல்லாம் ஓபன்ஸ்ட்ரீட்மேப் சமூகத்தில் பேசி, ஒப்புதல் வாங்கிச் செய்கிற வேலை. புதியவர்கள் அதைத் தொட வேண்டாம்.

இந்தியாவில் வரைவது சட்டப்படி சரியா என்ற பயம் பலருக்கு உண்டு. 2016-ல் வெளியான ஒரு மசோதா வரைவு, அனுமதி இல்லாமல் புவியியல் தகவல் சேகரித்தால் 100 கோடி ரூபாய் வரை அபராதம் என்று சொன்னது. அது சட்டம் ஆகவில்லை. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், முன் அனுமதி வாங்கும் முறையை எடுத்துவிட்டன. 1 மீட்டரைவிட நுட்பமான தரவுக்குத்தான் வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கட்டுப்பாடு. சாதாரண போன் ஜிபிஎஸ் அந்த நுட்பத்துக்குக் கிட்டவே வராது. இருந்தாலும் ராணுவ வளாகங்களின் உட்புறத்தை விட்டுவிடுங்கள்.

வரைவதற்கு முன்: பார்த்து எழுதக் கூடாது

இதை மட்டும் மனதில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. கூகுள் மேப்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தெருப் பெயரை எடுத்து எழுதக் கூடாது. அதன் செயற்கைக்கோள் படத்தின் மேல் கோடு போடக் கூடாது. ஸ்ட்ரீட் வியூவில் தெரியும் பெயர்ப்பலகையும் வேண்டாம். அச்சிட்ட டூரிஸ்ட் மேப்பும் அப்படித்தான். அரசுப் படமாக இருந்தாலும், அதன் உரிமம் வெளிப்படையாக அனுமதித்தால் மட்டுமே எடுக்கலாம். இலவசமாகப் பார்க்கக் கிடைப்பதும், எடுத்து மறுபடி வெளியிட அனுமதி இருப்பதும் வேறு வேறு. மத்திய அரசின் வரைபடத் துறையான சர்வே ஆஃப் இந்தியா 2017-ல் ஓபன் சீரிஸ் என்ற பொதுப் பயன்பாட்டுப் படங்களை ஆதார் எண்ணோடு இலவசமாக இறக்கிக்கொள்ள வழி செய்தபோது, பலர் இந்த இரண்டையும் ஒன்றாகவே நினைத்தார்கள்.

அப்படியானால் எதைப் பார்த்து எழுதலாம்? உங்கள் கண்ணால் பார்த்த பலகை. நீங்கள் எடுத்த போட்டோ. நீங்கள் நடந்தபோது பதிவான ஜிபிஎஸ் தடம். அந்த ஊர்க்காரராக உங்களுக்கே தெரிந்தது. அப்புறம், எடிட்டருக்குள்ளேயே பின்னணியாக வருகிற பிங், எஸ்ரி போன்ற செயற்கைக்கோள் படங்கள். அவற்றை வைத்து வரைய அந்த நிறுவனங்கள் அனுமதி கொடுத்திருக்கின்றன.

வணிக மேப்புகளில் வேண்டுமென்றே பொய்த் தெரு ஒன்றைச் செருகி வைப்பதும் உண்டு. நகலெடுத்தவர் அந்தத் தெருவோடு மாட்டிக்கொள்வார்.

கணக்கு, பயிற்சி

ஓபன்ஸ்ட்ரீட்மேப் தளத்தில் கணக்குத் தொடங்க மின்னஞ்சல் முகவரி போதும். பயனர்பெயராக உண்மைப் பெயர் வைக்க வேண்டிய அவசியமில்லை. நீங்கள் எந்தப் பகுதியில், எந்த நேரத்தில் திருத்துகிறீர்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்படி பதிவாகும்; ஆகவே பெயரை யோசித்து வையுங்கள்.

உள்ளே போய் உங்கள் ஊரைப் பெரிதாக்கி, 'திருத்து' பொத்தானை அழுத்தினால் ஐடி என்கிற எடிட்டர் திறக்கும். முதல்முறை ஒரு பயிற்சி வேண்டுமா என்று கேட்கும். வேண்டும் என்று சொல்லுங்கள். அதில் நீங்கள் செய்வது எதுவும் உண்மைப் படத்தில் ஏறாது. அவசரப்பட்டு அதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிற்பாடு ஏரிக்குள் ரோடு போடுகிறார்கள்.

நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்

முதல் நாளிலேயே ஊர் முழுக்க வரையத் திட்டம் போடாதீர்கள். நாலு தெரு போதும். ஒரு பேப்பரில் தோராயமாகத் தெருக்களைக் கிறுக்கிக்கொண்டு, காலை வெயில் ஏறும் முன் ஒரு சுற்று நடந்து வாருங்கள். குறிக்க வேண்டியவை: தெருப் பலகையில் உள்ள பெயர், எழுத்து மாறாமல், எந்தச் சந்து முட்டுச்சந்து, எதில் கார் போகும், எதில் பைக் மட்டும் போகும், ரேஷன் கடை, அங்கன்வாடி, குடிநீர்க் குழாய், பஸ் ஸ்டாப், மருந்துக் கடை, கோயில், மேல்நிலைத் தொட்டி. வானிலிருந்து எடுத்த படம் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியைக் காட்டும். அது ரேஷன் கடையா, கல்யாண மண்டபமா என்று காட்டாது. உங்கள் பங்கு அங்கேதான்.

பேப்பரும் பேனாவும் வேண்டாம் என்கிறவர்களுக்கு ஆண்ட்ராய்டில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற செயலி இருக்கிறது. நீங்கள் நிற்கிற இடத்தில் விட்டுப்போன தகவலைக் கேள்வியாகக் கேட்கும்: இந்த ரோடு தார் போட்டதா? இந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும்? பதிலைத் தட்டினால் படத்தில் ஏறிவிடும். மாணவர்களை வைத்துச் செய்ய இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. கடைகளைக் குறிக்க எவ்ரி டோர் என்ற செயலி நல்லது, ஐபோனிலும் கிடைக்கும்.

வரைவது

எடிட்டரில் மூன்றே மூன்று உருவங்கள்: புள்ளி, கோடு, பரப்பு. குழாய் ஒரு புள்ளி. தெரு ஒரு கோடு. கட்டடமும் குளமும் பரப்பு. வரைந்த பிறகு அது என்ன என்று இடப்பக்கப் பட்டியலில் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான் இலக்கணம்.

கோடு போடும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். செயற்கைக்கோள் படம் சில இடங்களில் பல மீட்டர் நகர்ந்திருக்கும். பின்னணியை பிங்கிலிருந்து எஸ்ரிக்கு மாற்றிப் பாருங்கள். ரோடு தாவினால் இரண்டில் ஒன்று தவறு. அந்த இடத்தில் மற்றவர்கள் ஏற்றிய ஜிபிஎஸ் தடங்களையும் எடிட்டரிலேயே காட்டச் சொல்லலாம். பல தடங்கள் குவிந்து போகிற இடம்தான் ரோடு. படத்தை அதற்கு ஏற்றபடி நகர்த்திவிட்டு வரையத் தொடங்குங்கள். உயரமான கட்டடங்கள் படத்தில் சாய்ந்து தெரியும். கூரையை வரைந்துவிட்டு, கட்டடத்தின் அடி தரையைத் தொடுகிற இடத்துக்கு அதை நகர்த்த வேண்டும்.

தெருக்கள் சந்திக்கிற இடத்தில் இரண்டு கோடுகளும் ஒரே புள்ளியைப் பகிர வேண்டும். கண்ணுக்குத் தொட்டுக்கொண்டிருப்பது போலத் தெரிந்தாலும், பகிர்ந்த புள்ளி இல்லையென்றால் வழிகாட்டும் செயலிக்கு அது தனித் தனி ரோடு. ஆம்புலன்ஸ் டிரைவரை ஊரைச் சுற்ற வைத்துவிடும். எடிட்டர் இந்த மாதிரி இடங்களைச் சிக்கல்கள் என்ற பட்டியலில் காட்டும். சேமிக்கும் முன் அதைப் படியுங்கள். மேம்பாலமும் கீழே போகிற ரோடும் மட்டும் புள்ளியைப் பகிரக் கூடாது.

ரோட்டின் வகை. குடியிருப்புத் தெருவுக்கு 'ரெசிடென்ஷியல்', வளாகத்துக்குள் போகிற வழிக்கு 'சர்வீஸ்', வயலுக்கு டிராக்டர் போகிற மண் பாதைக்கு 'டிராக்', ஒற்றையடிப் பாதைக்கு 'பாத்'. 'அன்கிளாசிஃபைட்' என்று ஒரு வகை உண்டு. வகை தெரியாத ரோடு என்று நினைத்து எல்லாரும் அதைப் போடுகிறார்கள். உண்மையில் ஊர்களை இணைக்கிற சின்னச் சாலைக்கு உரியது அது. நெடுஞ்சாலைகளின் வகையை மாற்றாதீர்கள்.

பெயருக்கு வருவோம். சுற்றியுள்ள தெருக்களில் பெயர் எந்த மொழியில் இருக்கிறதோ, முதன்மைப் பெயர்ப் பெட்டியில் அதே வழக்கத்தைப் பின்பற்றுங்கள். கூடவே பன்மொழிப் பெயர் என்பதைச் சேர்த்து, தமிழைத் தேர்ந்தெடுத்து, தமிழ்ப் பெயரையும் இடுங்கள். இதை யாரும் செய்யவில்லையென்றால், தமிழில் மேப் காட்டுகிற செயலிகள் இயந்திர ஒலிபெயர்ப்பைக் காட்டும்; கீழப்பழுவூர் என்ன பாடுபடும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பெயர் இல்லாத தெருவுக்கு நீங்களாகப் பெயர் சூட்ட வேண்டாம். 'ரேஷன் கடை' என்று பெயர்ப் பெட்டியில் எழுதாமல், வகையாகத் தேர்ந்தெடுங்கள். அப்போதுதான் பின்னால் தேடும்போது அகப்படும்.

கண்மாய், ஏரி, வாய்க்கால்

இதற்குத் தனியாக இடம் ஒதுக்குகிறேன், ஏனென்றால் நம் பக்கத்துப் படங்களில் அதிகம் தப்பாகிற இடம் இது. செயற்கைக்கோள் படம் கோடையில் எடுத்ததாக இருந்தால் கண்மாய் முழுக்கக் கருவேலங்காடாகத் தெரியும். வெளியூரிலிருந்து வரைகிறவர் அதைப் புதர்க்காடு என்று போட்டுவிடுவார். மழைக்குப் பின் எடுத்த படம் என்றால், வயல்வரை நீர் பரவி, கண்மாய் இரண்டு மடங்காகிவிடும். ஊர்க்காரருக்கு மட்டுமே கரை எங்கே, முழுக் கொள்ளளவில் நீர் எதுவரை நிற்கும் என்று தெரியும்.

வரைய வேண்டிய வரிசை: முதலில் கரையைக் கோடாகப் போடுங்கள், மண் கரை வளைந்து போவது படத்தில் தெளிவாகத் தெரியும். அதன் உட்புறத்தில் நீர்ப்பரப்பை வரைந்து, ஆண்டு முழுதும் நீர் இருக்காது என்பதற்கான 'இன்டர்மிட்டன்ட்' பெட்டியை 'ஆம்' ஆக்குங்கள். மடையும் கலிங்கும் இருக்கிற இடங்களைப் புள்ளியாகக் குறியுங்கள். வரத்துக் கால்வாயைக் கோடாகப் போடும்போது நீர் ஓடும் திசையில் வரைய வேண்டும். கோட்டின் திசைதான் நீரின் திசையாக எடுத்துக்கொள்ளப்படும். கால்வாய் மேல் வீடு கட்டியிருந்தால், கால்வாய் இருந்த இடம் என்று வரையக் கூடாது. இன்று தரையில் இருப்பதைத்தான் இந்தப் படம் ஏற்கும். ஆக்கிரமிப்பை நிரூபிக்கக் கிராம வரைபடத்துக்கும் வருவாய்த் துறைப் பதிவேட்டுக்கும்தான் போக வேண்டும். நீர்நிலைக்காகப் போராடுகிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும், ஆனால் விதி அதுதான்.

நீர் விஷயத்தில் இந்தப் படம் கைகொடுத்ததும் உண்டு. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது, ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை அடித்தளமாக வைத்த ஓர் இணையப் படத்தில் மக்களே தண்ணீர் நின்ற தெருக்களைத் தட்டிக் குறித்தார்கள். தெருக்கள் தரவாக, ஒவ்வொன்றாக இருந்ததால்தான் அதைச் சட்டென்று செய்ய முடிந்தது. அதற்கு முன், 2010 ஜனவரியில் ஹைட்டி பூகம்பத்தில் போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரத்தைப் பல நாட்டுத் தன்னார்வலர்கள் சில நாட்களில் வரைந்து மீட்புப் படையினருக்குக் கொடுத்தார்கள்.

சேமிப்பதும் அதற்கு அப்புறமும்

கொஞ்சம் வரைந்ததும் சேமியுங்கள். என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி கேட்கும். 'அப்டேட்' என்று எழுதாமல், 'காந்தி நகர் நாலு தெருக்களுக்கு நேரில் பார்த்துப் பெயர் சேர்த்தேன்' என்பது போல எழுதுங்கள். யாராவது சரிபார்க்க வேண்டும் என்ற கட்டமும் அங்கே இருக்கும். ஆரம்பத்தில் அதைத் தட்டி வையுங்கள். முன் ஒப்புதல் என்று எதுவும் இல்லை, திருத்தம் உடனே ஏறும். தளத்தில் சில நிமிடங்களில் தெரியலாம். ஆர்கானிக் மேப்ஸ், ஓஎஸ்எம்ஆண்ட் போன்ற ஆஃப்லைன் செயலிகளில் வரச் சில வாரங்கள் ஆகலாம்.

யாராவது உங்கள் திருத்தத்தின் கீழே கேள்வி கேட்டால் பதில் எழுதுங்கள். மாற்றிவிட்டால் கோபப்பட்டு மறுபடி மாற்றாதீர்கள். பலகையின் போட்டோ இருந்தால் பேச்சு முடிந்தது. வீட்டில் இருப்பவர்களின் பெயர், தனியார் போன் எண், 'இந்த ஹோட்டல் மோசம்' போன்ற கருத்து, இன்னும் கட்டாத மெட்ரோ லைன் கனவுகள் இவற்றுக்கு இங்கே இடமில்லை.

நீங்கள் இலவசமாக வரைவதை அமேசான், மெட்டா, மைக்ரோசாஃப்ட் போன்ற நிறுவனங்களும் எடுத்துப் பயன்படுத்துகின்றன. 2022 டிசம்பரில் அவை டாம்டாம் என்ற வரைபட நிறுவனத்தோடு சேர்ந்து ஓவர்ச்சர் என்ற அமைப்பையே தொடங்கின. அதன் தரவில் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பும் கலந்திருக்கிறது. சிலருக்கு இது உறுத்துகிறது. எனக்கு அவ்வளவாக இல்லை. அவர்கள் எடுத்தாலும் என் ஊர்ப்படம் எனக்குக் குறைந்துவிடவில்லை.

எடுத்துப் பயன்படுத்த

வரைந்ததை வெளியே எடுப்பதில்தான் இதன் ருசி இருக்கிறது. ஓவர்பாஸ் டர்போ என்ற தளத்தில் உங்கள் ஊரைத் திரையில் வைத்து, குடிநீர் என்ற வகையைத் தேடச் சொன்னால், குறித்துவைத்த குழாய்களெல்லாம் புள்ளிகளாக எழும், பட்டியலாக இறக்கிக்கொள்ளலாம். பெரிய பகுதி வேண்டுமென்றால் ஜியோஃபேப்ரிக் தளத்தில் தென்னிந்தியத் தரவு தனிக் கோப்பாகவே கிடைக்கும். அதைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் திறந்து, வேண்டிய நிறத்தில், வேண்டிய அளவில் அச்சிடலாம். உங்கள் செயலிக்காக ஓபன்ஸ்ட்ரீட்மேப் தளத்தின் படத் துண்டுகளை மொத்தமாக உறிஞ்சாதீர்கள். அந்தச் சர்வர்கள் நன்கொடையில் ஓடுகின்றன.

2012 முதல் தரவு ஓடிபிஎல் என்ற உரிமத்தில் இருக்கிறது. இரண்டு கடமைகள்: யாருடைய தரவு என்று சொல்ல வேண்டும், தரவைத் திருத்தியோ வேறு தரவோடு கலந்தோ புதுத் தரவுத்தளம் ஆக்கிப் பொதுவில் பயன்படுத்தினால், அதையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். வெறும் படம் அச்சிடுகிறவருக்கு முதல் கடமை மட்டும்தான்.

நாட்டு எல்லையில் மட்டும் கவனம். ஓபன்ஸ்ட்ரீட்மேப், நிலத்தில் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறதோ அதன்படி எல்லை காட்டும். சர்வே ஆஃப் இந்தியாவின் படத்தோடு ஒத்துப்போகாத இந்திய வரைபடத்தை வெளியிட்டால், 1961-ம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டத்தின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ கிடைக்கலாம். முழு நாட்டுப் படம் வேண்டுமென்றால் எல்லைக் கோட்டைச் சர்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எடுங்கள். உங்கள் வார்டுப் படத்துக்கு இந்தக் கவலை இல்லை. அச்சிட்ட தாளின் ஒரு மூலையில் '© ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்' என்ற வரியைப் படிக்கிற அளவில் போடுங்கள். பக்கத்தில் தரவு எடுத்த தேதியையும் எழுதுங்கள், அடுத்த தெருவில் புதுக் குழாய் போட்டதும் எந்தப் படம் பழசு என்று தெரியும்.